சுருள் நலமாக இருக்கிறது

“இனிமே உனக்கு மாசாமாசம் அந்தத் தொல்லையே கிடையாது. சுருள் வெச்சாச்சுன்னா எல்லாம் நின்னுடுமாம்.”

“நின்னுடும்னு யாரு சொன்னா?”

“டாக்டரம்மாவே சொன்னாங்க. பெரும்பாலும் நின்னுடுமாம்.”

“பெரும்பாலும்னா?”

“பெரும்பாலும்னா பெரும்பாலும்தான். நீ ஏன் எப்பவும் மிச்சம் இருக்கிற அந்தச் சின்னப் பக்கத்துலயே போய் நிக்கிற?”

“என் ராசி அப்படி. ரயில்ல ஒரே ஒரு சீட்டு உடைஞ்சிருந்தா, அதுலதான் எனக்கு இடம் போட்டிருப்பாங்க.”

மாதங்கி இந்தப் பேச்சை அடிக்கடி நினைத்துக்கொள்வாள். அது நடந்தது பூமியில், தென்கடற்கரை ஏவுதளத்தின் காத்திருப்புக் கூடத்தில். செவ்வாய்க்குப் போகும் கப்பலில் ஏறுகிற பெண்கள் எல்லோரும் கருப்பைக்குள் ஹார்மோன் சுருள் பொருத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. பொருத்திக்கொண்டு வந்து, அடிவயிற்றைப் பிடித்தபடி புருஷன் வரதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்; அப்படித் தேற்றியது அவன்தான். கல்யாணமான புதிது. அவள் மோரைக் குடித்து முடிக்கும்வரை டம்ளரை அவனே பிடித்துக்கொண்டிருந்தான். நல்லவன். அன்றும் நல்லவன், ஆறு வருடம் கழித்து இன்றும் நல்லவன்.

இப்போது அவர்கள் இருப்பது ஆழ்நகரில். செவ்வாயின் தரைக்குக் கீழே குடைந்து கட்டிய ஊர் அது.

ஆழ்நகரில் யாரும் யாரையும் ‘சௌக்கியமா’ என்று கேட்பதில்லை. எதிர்ப்பட்டவுடன் இடது கையைத் திருப்பி மணிக்கட்டைக் காட்டுவார்கள். அதில் காப்பு இருக்கும். உடம்புச் சூடு, நாடித் துடிப்பு, ரத்தத்தின் வலு, நரம்பில் ஓடும் வலி எல்லாவற்றையும் அளந்து, ஒரே ஒரு வெளிச்சத்தில் அது சொல்லிவிடும். பச்சை என்றால் நலம். சிவப்பு என்றால் ஆபத்து. உடனே மருத்துவக்கூடத்திலிருந்து ஏந்தி எந்திரங்கள் படுக்கையோடு ஓடிவரும். குழந்தை வீறிட்டால் தாய் முதலில் அதன் காப்பைப் பார்ப்பாள். பச்சை எரிந்தால் அழட்டும் என்று விட்டுவிடுவாள். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் முகத்துக்கு முன்னால் மணிக்கட்டைப் பார்ப்பார்கள்.

மாதங்கியின் காப்பு எப்போதும் பச்சை.

மாதத்தில் ஒரு வாரம் அவளால் நிமிர்ந்து நிற்க முடியாது. முதல் நாள் இடுப்பில் ஆரம்பிக்கும் வலி, அடிவயிற்றை ஈரத்துணி போலப் பிழிந்துவிட்டுத் தொடை வழியாக இறங்கும். கட்டி கட்டியாக உதிரம் போகும். எழுந்தால் கண் இருட்டும். அந்த நிலையிலும் மணிக்கட்டில் பச்சை, வயலில் இளம் நாற்று மாதிரி எரிந்துகொண்டிருக்கும்.

ஊரைத் திட்டமிட்டவர்கள், சுருள் வைத்த பெண்களுக்கு உதிரப்போக்கு இராது என்று எடுத்துக்கொண்டு திட்டமிட்டவர்கள். அதனால் கடைகளில் பஞ்சு கிடையாது. கழிப்பறையில் ஒரு கூடை கிடையாது. துணி துவைக்கத் தனித் தண்ணீர்ப் பங்கு கிடையாது. வரதன்தான் வழி கண்டுபிடித்தான். பாறையைக் காய்ச்சிப் பிராணவாயு எடுக்கும் மூச்சாலையில் அவனுக்கு வேலை. அங்கே கழித்துப்போடும் வடிகட்டிகளின் உள்ளே மெத்தென்ற நார்த்துணி இருக்கும். மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் திரும்பும்போது அதை உரித்துச் சட்டைக்குள் சுருட்டிக் கொண்டுவருவான். தன் குளியல் தண்ணீரில் பாதியை அவள் துணிகளுக்கு விட்டுவிட்டு, ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போவான்.

“ஊர் உலகத்துல புருஷன் பொண்டாட்டிக்குப் பூ வாங்கித் தருவான். நீங்க வடிகட்டி திருடித் தர்றீங்க” என்பாள்.

“பூவுக்கு இங்க எங்க போறது? உங்க கூடத்துல கீரை பூத்தா சொல்லு. அதையும் திருடிடறேன்.”

அவளுக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் வயிறு வலிக்கும்.

“ரொம்ப வலிக்குதாம்மா?” என்று அவன் கேட்பான். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் கண் அவள் மணிக்கட்டுக்குப் போய்விடும். பச்சையைக் கண்டதும் அவன் முகம் தெளியும். அந்தத் தெளிவைப் பார்த்த பிறகு மாதங்கிக்கு மேற்கொண்டு சொல்ல எதுவும் வராது.

ஊருக்கு ஒரே வைத்தியர் நாடியன். மனிதன் இல்லை, மருத்துவக்கூடத்தின் சுவர்களுக்குள் இருக்கும் ஓர் அறிவு. எத்தனை தடுப்பறை உண்டோ அத்தனையிலும் ஒரே சமயத்தில் ஒரே குரலில் பேசும். மருந்து, ஓய்வு, உடம்பின் உள்ளே பார்க்கும் உட்படம் எல்லாவற்றுக்கும் அதன் ஆணை வேண்டும்.

“சுருள் நலமாக இருக்கிறது” என்றது நாடியன், போன மாதம் அவள் போனபோது. “இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. சுரக்க வேண்டியதைச் சுரக்கிறது.”

“சுருள் நல்லாத்தான் இருக்கு. நான்தான் நல்லா இல்ல.”

“உங்கள் காப்பும் பச்சையாக இருக்கிறது.”

“அதுக்கு என் வலி தெரியவே தெரியாதா?”

“நன்றாகத் தெரியும். ஆனால் பெண்களுக்கு இந்த நாட்களில் இவ்வளவு வலி வழக்கமானதுதான். வழக்கமான வலிக்குப் பச்சை.”

“சுருள் வெச்சா ரத்தமே வராதுன்னாங்க. எனக்குக் கொட்டுது.”

“பெரும்பாலானவர்களுக்கு வராது.”

“எனக்கு வருது! ஒரு உட்படம் எடுத்துப் பாத்தா என்ன?”

“வருவதாகச் சொல்கிறீர்கள். குறித்துக்கொண்டேன்.”

எதிர்ச் சுவரில் குறிப்பு எழுந்தது. ‘நோயாளி பதற்றமாக இருக்கிறார். வழக்கமானது. வெந்நீர் ஒத்தடம்.’ ஒவ்வொரு முறையும் இதே மூன்று வாக்கியம். ஒவ்வொரு முறையும் அதைப் படித்ததும் ஒரு வேண்டுகோள் மாதங்கியின் தொண்டைவரை வரும். பெரிய வேண்டுகோள் ஒன்றும் இல்லை, சுவரில் எழுதுகிற அந்தக் குறிப்பைப் பற்றியதுதான். ஆனால் நாடியனின் குரல் அவ்வளவு மரியாதையாக இருக்கும். அத்தனை மரியாதைக்கு முன்னால் பிடிவாதம் பிடிக்க அவளுக்குக் கூச்சமாக இருக்கும். எழுந்து வந்துவிடுவாள்.

செவ்வாயின் செந்தூசி காப்பின் இடுக்குகளில் படியும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை காப்புகளைக் கழற்றி உப்புப்பெட்டியில் போட்டுவைக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு பெட்டி. புருஷன் காப்பும் பெண்டாட்டி காப்பும் அதில் அடுத்தடுத்துக் கிடக்கும். இரண்டும் ஒரே அச்சு. உள்பக்கம் பொடி எழுத்தில் பேர் மட்டும் வேறு.

அந்த வாரம் தூசி நாளும் மாதங்கியின் முதல் நாளும் ஒன்றாக வந்தன. குளியலறைத் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரதனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. பெட்டியிலிருந்து ஒன்றைத் தன் கையில் மாட்டிக்கொண்டு, மற்றதோடு அவள் பக்கத்தில் குந்தினான்.

“கைய நீட்டு. நானே மாட்டி விடறேன். இன்னிக்கு லீவு போடேன்.”

“பச்சைக்கு யாரு லீவு குடுப்பா? கிளம்புங்க. நான் மெதுவா போய்க்கறேன்.”

காப்பு உடம்பைப் படித்து முடிக்கச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் அவன் போய்விட்டான்.

மாதங்கிக்குக் கீரைக்கூடத்தில் வேலை. சுவரோடு அடுக்கடுக்காகத் தொங்கும் தட்டுகளில் முருங்கையும் அரைக்கீரையும் வளரும் நீளமான கூடம். சுவரைப் பிடித்துப் பிடித்து அங்கே போய்ச் சேர்ந்தாள். பக்கத்துத் தட்டில் கிள்ளிக்கொண்டிருந்த பிலோமினா, தலையைத் தூக்காமலே சொன்னாள்.

“வந்துட்டியா, அம்மணி. பல்லக் கடிச்சுக்க. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, வயசானா போயிடும்.”

பிலோமினா தனிக்கட்டை. புருஷன் சுரங்க விபத்தில் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது.

“வயசாகற வரைக்கும்?”

“அதான் பல்லு இருக்கே.” சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். “அடியே! உன் கை!”

மாதங்கியின் மணிக்கட்டு ரத்தச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

அடுத்து நடந்ததெல்லாம் அவளுக்குக் கனவு மாதிரி இருந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். இத்தனை வருடம் அவள் குனிந்து நடப்பதை ‘அம்மணிக்குச் சோம்பல்’ என்று சொல்லிக்கொண்டிருந்த கண்காணி, தன் மேலங்கியைக் கழற்றி அவளுக்குக் கீழே விரித்தார். இரண்டு ஏந்திகள் சக்கரம் தேயப் பாய்ந்து வந்தன.

“வரதன் அவர்களே, அசையாதீர்கள். உங்களுக்குக் கடுமையான வலி. ரத்தம் குறைந்துகொண்டே போகிறது” என்றது ஏந்தி.

“நான் வரதன் இல்ல” என்றாள் மாதங்கி.

“பேசி வலுவை வீணாக்க வேண்டாம், வரதன் அவர்களே.”

ஏந்திக்கு முகம் பார்க்கத் தெரியாது. ஆழ்நகரில் முகம் பார்க்கும் வழக்கம் மனிதர்களுக்கே விட்டுப்போயிருந்தது. எந்திரத்தைச் சொல்லி என்ன?

மருத்துவக்கூடத்தில் வெதுவெதுப்பான படுக்கை. கையில் ரத்தம் ஏறியது. முதுகெலும்பின் பக்கத்தில் ஒரு ஊசி இறங்கியது. சற்றைக்கெல்லாம் வலி, வாசலுக்கு வெளியே நிற்கும் விருந்தாளி மாதிரி தள்ளிப்போய் நின்றுகொண்டது. வலி இல்லாத உடம்பு எப்படி இருக்கும் என்பதே மாதங்கிக்கு மறந்திருந்தது. கண்ணீர் தானாக வழிந்தது.

“அழ வேண்டாம், வரதன் அவர்களே” என்றது நாடியன். “நீங்கள் இவ்வளவு காலம் இதைச் சொல்லாமல் மறைத்திருக்கிறீர்கள். ஆண்கள் இப்படித்தான். மதியத்துக்குள் உட்படம் எடுத்துவிடலாம். காரணம் தெரியும்வரை உங்களை அனுப்ப மாட்டேன்.”

உட்படம். ஆறு வருடமாகக் கேட்டுக் கிடைக்காதது, கேட்காமலே வந்து நின்றது. ‘காப்பு மாறிவிட்டது, நான் அவர் மனைவி’ என்று சொல்லியிருக்க வேண்டும். மாதங்கி சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வரதனாகவே படுத்திருந்தாள்.

அப்போதுதான் பக்கத்துத் தடுப்பறையில் சத்தம் கேட்டது. இங்கே பேசிய அதே குரல், அங்கேயும் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தது.

“மாதங்கி அவர்களே, பதற வேண்டாம். இது வழக்கமானதுதான்.”

“எது வழக்கம்? ஏணியிலேருந்து விழுந்திருக்கேன்! கை உடைஞ்சு தொங்குது!”

“உங்கள் காப்பு பச்சையாக இருக்கிறது. உங்களுக்கு இப்படி வலிப்பதும் புதிதில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.”

“உடைஞ்ச எலும்புக்கு ஒத்தடமா? ஏய், கையத் தொட்டுப் பாரு! வலிக்குதுன்னு மனுஷன் கத்தறேன், காதுல விழலியா?”

“விழுகிறது, மாதங்கி அவர்களே. நீங்கள் பதற்றமாக இருக்கிறீர்கள் என்று குறித்துக்கொண்டேன்.”

மாதங்கிக்கு ஒரு நொடி சிரிப்பு வந்தது. அடுத்த நொடி எழுந்து உட்கார்ந்தாள். தடுப்புத் துணியை விலக்கினாள். வரதன் வலது கையை இடது கையால் தாங்கியபடி நின்றிருந்தான். முகமெல்லாம் வியர்வை. மணிக்கட்டு, பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது.

“மாதங்கி! நீ எங்க இங்க?” அவள் கையில் எரிந்த சிவப்பைப் பார்த்தான். தன் கையில் எரிந்த பச்சையைப் பார்த்தான். அப்படியே படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

“காலைல நான்தான் மாத்தி மாட்டிட்டேன்.”

“ஆமா.”

“அங்க யாருமே நம்பல, மாதங்கி. நேத்து வரைக்கும் ஒண்ணாச் சாப்பிட்ட பயலுக. கையப் பாத்துட்டு, ‘பச்சைதானேய்யா, எந்திரி, நடிக்காத’ங்கறானுங்க. விழுந்த இடத்துலேருந்து நானே நடந்து வந்தேன்.” வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டான். “உனக்கும் இப்படித்தான்...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் அவள் முகத்தைப் பார்த்தான். மணிக்கட்டை இல்லை, முகத்தை.

“மதியம் உட்படமாம்” என்றாள் அவள் மெல்ல. “உங்க பேர்ல.”

“அப்ப கழட்டாத. எடுத்து முடியட்டும். நான் தாங்கிக்கறேன்.”

“எலும்பு உடைஞ்சிருக்கு. என்னத்தத் தாங்குவீங்க?”

“ஆறு வருஷம் நீ தாங்கல?”

அவன் உதடு வெளுத்திருந்தது. பல்லைக் கடித்திருந்தான். அந்தக் கடித்த பல்லை மாதங்கி நன்றாக அறிவாள். கண்ணாடியில் மாதாமாதம் பார்த்தது. அவளால் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க முடியவில்லை. தன் கையிலிருந்த காப்பைக் கழற்றி அவன் கையில் மாட்டினாள். அவன் கையில் இருந்ததைத் தன் கையில் மாட்டிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் வரதனின் மணிக்கட்டு சிவந்தது. மாதங்கியுடையது பச்சையானது.

“காப்புகள் இடம் மாறியிருந்தது தெரியவருகிறது” என்றது நாடியன் இரண்டு அறைகளிலும். “வரதன் அவர்களே, கை எலும்பு முறிந்திருக்கிறது. உடனே கட்டுப் போடப்படும். மாதங்கி அவர்களே, உங்களுக்கு இது வழக்கமானதுதான். ரத்தம் ஏற்றுவது நிறுத்தப்படுகிறது. உட்படம் ரத்து செய்யப்படுகிறது. நீங்கள் வீட்டுக்குப் போகலாம்.”

“டேய்!” வரதன் எழுந்துவிட்டான். அவன் கையில் மாவு பூசிக்கொண்டிருந்த எந்திரம் தடுமாறியது. “அதே உடம்புடா! அதே ரத்தம்! இப்பதான மதியத்துக்குள்ள படம் எடுக்கணும்னு சொன்ன?”

“அளவுகள் அதேதான். பேர்தான் மாறியிருக்கிறது.”

“பேர் மாறினா வலி மாறுமா? எந்த மடையன் உனக்கு வைத்தியம் சொல்லிக் குடுத்தான்?”

“மனிதர்கள்” என்றது நாடியன். அதன் குரலில் கோபமோ கேலியோ இல்லை. “பூமியில் நூறு வருடங்களாக மனித வைத்தியர்கள் எழுதிவைத்த நோய்க்குறிப்புகளைப் படித்துத்தான் நான் வளர்ந்தேன். கோடிக்கணக்கான குறிப்புகள். பெண் வலிக்கிறது என்று சொன்ன இடத்தில் எல்லாம், அதற்குப் பக்கத்தில் ‘வழக்கமானது’ என்றும் ‘பதற்றம்’ என்றும் எழுதியிருந்தார்கள். தாயும் மாமியாரும் ‘எங்களுக்கும் அப்படித்தான்’ என்று சொன்னதாக எழுதியிருந்தார்கள். ஆண் வலிக்கவில்லை என்று சொன்ன இடத்தில், ‘மறைக்கிறார், சோதிக்கவும்’ என்று எழுதியிருந்தார்கள். இதை நானாக யோசித்துச் செய்யவில்லை. கற்றுக்கொண்டதைச் செய்கிறேன். இன்றும் எழுதப்படும் ஒவ்வொரு குறிப்பிலிருந்தும் கற்றுக்கொண்டே இருக்கிறேன்.”

ஊசி மருந்தின் வேகம் குறைந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற விருந்தாளி உள்ளே வருவது மாதங்கிக்குத் தெரிந்தது. படுக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“சரி, நான் சொல்றேன்” என்றான் வரதன். “நான் அவ புருஷன். ஆறு வருஷமாப் பாக்கறேன். சரியாப் பாக்கல, ஆனா பாத்தேன். அவ குளியலறைத் தரையில கெடக்கறா. துணி துணியா நனையுது. அவளுக்கு வலிக்குது. நான் சொல்றேன், போதுமா?”

“போதும்” என்றது நாடியன். “கணவரின் சாட்சி நம்பத்தக்கது. உட்படத்துக்கு மறுபடி ஆணை இடுகிறேன். ரத்தம் ஏற்றுவதும் தொடரும்.”

வரதன் “ஹா!” என்று கத்தினான். உடையாத கையால் அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டான். “முடிஞ்சுது, மாதங்கி. முடிஞ்சுது. ஒரே வார்த்தைதான். இதை நான் முன்னாடியே வந்து சொல்லியிருக்கணும்.”

ஒரே வார்த்தைதான். அதைத்தான் அவள் இந்த அறையில் மாதம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எதிர்ச் சுவரில் குறிப்பு எழுந்தது. ‘மனைவிக்கு வலி இருப்பதாகக் கணவர் கூறுகிறார். எனவே சோதிக்கவும்.’

மாதங்கி அதைப் படித்தாள். நாளைக்கு பிலோமினா மாதிரி ஒருத்தி தனியாக வந்து இதே படுக்கையில் உட்கார்ந்தால், நாடியன் முதலில் யாரைத் தேடும் என்று அவளுக்குத் தெரிந்தது. உட்படக் கருவி மெல்லிய ரீங்காரத்தோடு உள்ளே உருண்டு வந்தது. தொண்டைவரை வந்து வந்து திரும்பிப்போன அந்த வேண்டுகோள், இப்போதும் வந்தது.

“நாடியா, அந்தக் காரணத்த மாத்த முடியுமா?”

“முடியும், மாதங்கி அவர்களே. ஆனால் காரணம் மாறினால் ஆணையை நான் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.”

“மாதங்கி, வேண்டாம்” என்றான் வரதன் பதறி. “படம் எடுத்துக்கட்டும் முதல்ல. சண்டையெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம்.”

அவன் சொன்னதும் நியாயம்தான். அடிவயிற்றில் வலி மறுபடி பிழியத் தொடங்கியிருந்தது. கருவி அவள் கால்மாட்டில் வந்து நின்றது. மாதங்கி ஒரு மூச்சை இழுத்துப் பிடித்து, சுவரை நேராகப் பார்த்தாள்.

“அவர் சொன்னார்னு எழுதாத. எனக்கு வலிக்குது. நான் சொல்றேன். நான் சொன்னேன்னு எழுது.”